கணக்கில் சேராத நான்கு மாதங்கள்

1

அன்புள்ள பிள்ளைகளே,

போன சனிக்கிழமை இங்கே என் மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக ஒவ்வொருவராக மேடையேறினார்கள். எல்லாரும் என் மகளோடு ஒரே நாளில் சேர்ந்தவர்கள். என் மகள் மேடைக்குப் போகவில்லை. எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, தோழிகள் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து நின்று கை தட்டினாள்.

முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்து, "உங்கள் பிள்ளை எப்போது வருவார்?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் என் மகளே சிரித்துக்கொண்டு, "அது நான்தான். அடுத்த வருடம் வருவேன்" என்றாள். நான் குனிந்து ஷூவின் கயிற்றைச் சரிசெய்வதுபோல் இருந்துவிட்டேன்.

அவள் ஒரு பாடத்திலும் தோற்கவில்லை. அவளுக்கு இந்த வருடம் பட்டம் கிடைக்காததற்கு நான்தான் காரணம்.

நம் பள்ளி ஆண்டு மலருக்கு, "அங்கத்த படிப்பப் பத்தி பிள்ளைகளுக்கு நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்று உங்கள் தமிழ் ஐயா இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நல்லதும் எழுதுகிறேன். மற்றதையும் எழுத வேண்டியிருக்கிறது.

நான் மாப்பிள்ளையூரணிக்காரன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே கட்டடத்தில் பிளஸ் டூ வரை படித்தேன். அதன்பிறகு தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் கோடு போடுகிற வேலை அது. என் மனைவி நர்ஸ். அவளுக்குக் கனடாவில் வேலை கிடைத்ததால் பின்னாலேயே நானும் வந்தேன். அப்போது மகளுக்கு நான்கு வயது. வந்து பதினேழு வருடமாகிறது. நான் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் நிற்கிறேன். பெரிய படிப்பெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

2

என் மகள் படிப்பது சரக்குப் போக்குவரத்து நிர்வாகம். அதைக் 'கோ-ஆப்' முறையில் படிக்கிறாள். ஊரில் என் அக்காவிடம் போனில் இதைச் சொன்னபோது, "கூட்டுறவு பேங்க்லயா சேத்திருக்க? அதுக்கா அவ்வளவு தூரம் போனிய?" என்று கேட்டாள். அது வேறு. இது நான்கு மாதம் வகுப்பில் படிப்பு, அடுத்த நான்கு மாதம் ஒரு கம்பெனியில் வேலை, மறுபடியும் வகுப்பு, மறுபடியும் வேலை என்று மாறி மாறி வரும் படிப்பு. சும்மா வேடிக்கை பார்க்கிற பயிற்சி கிடையாது. மற்றவர்களைப் போல முறையான வேலை, முறையான சம்பளம். நான்கு வேலைப் பருவம் முடித்தால்தான் பட்டம். ஒன்று குறைந்தாலும் மேடையேற முடியாது.

வேலையை மாணவர்களே தேட வேண்டும். தங்களைப் பற்றி எழுதிப் போட்டு, நேர்முகத் தேர்வுக்குப் போய், கம்பெனிக்காரர் பிடித்திருக்கிறது என்று சொன்ன பிறகுதான் வேலை. முடிவில் மாணவர் தான் கற்றதைப் பற்றி ஓர் அறிக்கை எழுத வேண்டும். கம்பெனிக்காரரும் ஒரு படிவத்தில் மதிப்பெண் போட்டு அனுப்ப வேண்டும். இரண்டையும் பார்த்துத்தான் அந்தப் பருவத்தைச் சேர்ப்பார்கள்.

முதல் பருவம் ஒரு மளிகைக் கிடங்கில் வேலை பார்த்தாள். இரண்டாவது ஒரு லாரி கம்பெனி ஆபீஸில். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு கையுறை வாங்கிக் கொடுத்தாள். பதினேழு குளிர்காலத்தில் எனக்கு அளவாக இருந்த கையுறை அது ஒன்றுதான். நான் எந்த ஆபீஸையும் அழைக்கவில்லை, யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. அந்த இரண்டும் எனக்குத் தெரியாத ஊர், தெரியாத ஆட்கள். அதனால் தப்பித்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

3

நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வேலைக்குப் போகிற முதல் நாள் அப்பாவோ மாமாவோ கூடவே போய், "அண்ணாச்சி, இனி இவன் உங்க பொறுப்பு" என்று கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு வருவார்கள். என்னை அப்படித்தான் துறைமுகத்தில் ஒரு காண்டிராக்டர் அண்ணாச்சியிடம் என் அப்பா ஒப்படைத்தார். சட்டைப் பையில் பேனாவைச் சொருகிக்கொண்டு நான் நின்றேன். அப்பா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"பயல ஆபீஸ்ல உக்கார வச்சிராதிய அண்ணாச்சி. வெயில்ல நிறுத்துங்க. நாலு மூட்டைய தப்பா எண்ணி ஏச்சு வாங்குனாத்தான் புத்தி வரும்."

அன்று அப்பாமேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த ஒரு வருடம், கப்பல் வந்து நிற்கும் வார்ஃபில் உப்புக் காற்றில் நின்று என் மூக்குத் தோல் உரிந்தது. ஆனால் எந்தக் கப்பல் சாய்ந்து நிற்கிறது, எந்த மூட்டையில் ஈரம் ஏறியிருக்கிறது என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். இதையெல்லாம் என் மகளிடம் சின்ன வயதிலிருந்தே கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். முத்துக் குளித்த கடல் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவளுக்கு முத்து வேண்டாம், மூட்டை எண்ணிய கதைதான் வேண்டும். சரக்குப் படிப்பை அவள் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

4

மூன்றாவது பருவத்துக்கு அவளுக்கு வேலை கிடைக்கத் தாமதமானது. ஆறு நேர்முகத் தேர்வு, ஆறிலும் இல்லை. சாப்பிடும்போதும் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். இன்னொரு சுற்றுத் தேர்வு பாக்கி இருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. தூத்துக்குடியில் இருக்கும் என் அத்தானை அழைத்தேன். அவர் என் அக்கா மாப்பிள்ளை. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறார்.

"இதுக்குப் போயி கேக்கணுமால? நாளைக்கே வரச் சொல்லு" என்றார்.

மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் நின்ற துறைமுகத்தில் அவளும் நிற்கப் போகிறாள். இந்தியாவில் வேலை செய்ய வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை அவள் கையில் இருந்தது, அது போதும். பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து அவள் நிரப்பினாள், நான் பக்கத்தில் இருந்தேன். அதில் ஒரு கேள்வி: வேலை கொடுப்பவர் உங்கள் உறவினரா?

அவள் 'ஆம்' என்ற கட்டத்துக்குப் போனாள்.

"ஏய், இரு இரு. இல்லைன்னு போடு."

"மாமா ரிலேட்டிவ்தானேப்பா?"

"கல்யாணத்துல வந்த சொந்தம்தானளா. அவங்க கேக்கிறது ரத்த சொந்தத்த. ஆமான்னு போட்டா வேலையே இல்லேம்பாங்க."

"இங்க அப்படிச் சொல்ல மாட்டாங்கப்பா. கேட்டுப் பாக்கட்டா?"

"கேட்டா காரியம் கெட்டுரும். அப்பா சொல்லுதேன்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு 'இல்லை' என்பதில் குறி போட்டாள். உண்மையை எழுதியிருந்தாலும் அனுமதித்திருப்பார்கள் என்று பின்னால் தெரிந்தது. உறவினர் இல்லாத வேறொருவர் மதிப்பெண் போட வேண்டும், அவ்வளவுதான் விதி. நான் சொல்லவைத்தது தேவையே இல்லாத ஒரு பொய்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அவள் விமானம் ஏறிய மறுநாள், தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையில் அத்தானை மறுபடி அழைத்தேன்.

"அத்தான், பிள்ளைய வார்ஃபு, கிட்டங்கி பக்கமெல்லாம் அனுப்பாதிய. லாரிக்காரன், லோடுமேன், வெயிலு... ஏ.சி. ரூம்லயே வச்சுக்கிடுங்க."

"ஒனக்குக் கூறு இருக்கால மாப்ள? எங்க வீட்டுப் பிள்ளைய நான் வெயில்ல நிறுத்துவனா? ராணி மாதிரி வச்சுக்கிடுதேன், நீ ரொட்டியப் பாரு."

போனை வைத்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடித்தேன். அவளுக்குத் தெரியாமல் அவளைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டேன். என் அப்பா எனக்காகக் கேட்டதற்கு நேர் எதிராகக் கேட்டேன்.

5

அத்தான் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கண்ணாடி போட்ட அறையில் ஒரு நாற்காலி, பதினொரு மணிக்கு வடையும் டீயும், மதியம் என் அக்கா கொடுத்துவிடும் கேரியர். ஆபீஸில் எல்லாருக்கும் அவள் 'பாப்பா'. ஏதாவது ஃபைலைக் கையில் எடுத்தால், "ஒங்களுக்கு எதுக்கு பாப்பா இந்தத் தூசி?" என்று பிடுங்கி வைத்துவிடுவார்களாம். முகவரி தட்டச்சு செய்யக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் அதுவும் தீர்ந்தது.

மூன்றாவது வாரம் என்னை அழைத்தாள்.

"அப்பா, எனக்கு வேலையே தர மாட்டேங்காங்க. நான் ஏதும் தப்பா நடந்துக்கிட்டேனா?"

அப்போதே அவள் பேச்சில் ஊர் வாடை ஏறியிருந்ததைக் கேட்டு எனக்குப் பூரிப்பு. கேட்ட கேள்வி காதில் சரியாக ஏறவில்லை. "புது இடம்ல. பொறுமையா இரு. மெதுவாத் தருவாங்க" என்றேன். இந்த ஒரு பதிலை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. தன்னிடம் குறை இருக்குமோ என்று ஒரு பிள்ளை கலங்கி நிற்கிறது. குறை எங்கே என்று தெரிந்த ஒரே ஆள், பொறுமையாக இரு என்று புத்தி சொல்கிறான்.

ஆபீஸில் சூசை என்று ஒரு சூப்பர்வைசர். தருவைகுளத்துக்காரர், வயது ஐம்பதுக்கு மேல். அவரிடம் போய் என் மகள் கெஞ்சியிருக்கிறாள்.

"முதலாளி அண்ணாச்சி சத்தம் போடுவாவ பாப்பா."

"ஒரே ஒரு நாள், அண்ணா. நான் ரிப்போர்ட் எழுதணும். வடை சாப்பிட்டேன்னு எழுத முடியாதுல்ல?"

அவர் சிரித்துவிட்டார். மறுநாள் அத்தான் திருநெல்வேலி போயிருந்த நேரம் பார்த்து அவளைக் கிட்டங்கிக்கு, அதாவது சரக்குக் கிடங்குக்கு, கூட்டிப் போனார். மருந்துக்காக ஏற்றுமதியாகும் நிலாவரை இலைப் பொதிகளை ஒரு கண்டெய்னரில் ஏற்றும் நாள் அது. காலையிலிருந்து மாலை வரை நின்று எண்ணியிருக்கிறாள். பட்டியலில் உள்ளதைவிட இரண்டு பொதி குறைவு என்று சொல்லி, லோடுமேன்களின் கேலியைப் பொறுத்துக்கொண்டு, பாதிக் கண்டெய்னரை இறக்கவைத்து மறுபடி எண்ணவைத்திருக்கிறாள். குறைவுதான். அந்த இரண்டும் அடையாளக் குறி மாறி வேறு அடுக்கில் கிடந்தன. முடித்தபிறகு ஒரு லோடுமேன், "ஏளா, நீ கனடாவா நம்மூரா? இந்தக் கண்ணு யாருக்குளா வரும்?" என்று கேட்டாராம். அன்று அவள் அனுப்பிய போட்டோவில் முகமெல்லாம் பச்சைத் தூசி. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

மறுநாள் விஷயம் அத்தானுக்குப் போய்விட்டது. எல்லார் முன்னாலும் சூசையை நிறுத்தி ஏசியிருக்கிறார். வயதில் மூத்த ஒரு மனிதர் தன்னால் தலை குனிந்து நிற்பதை என் மகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறாள். எழுந்து வெளியே போய், "நான்தான் மாமா கேட்டேன். அவரை ஏன் திட்டுறீங்க?" என்று கேட்டாள்.

அத்தானுக்குப் பொய் பேச வராது. "நான் என்ன செய்ய? ஒங்க அப்பன்தான் வெளிய விடக்கூடாதுன்னு போன் போட்டுச் சொன்னான்" என்றார்.

அன்று மாலையும் அவள் என்னிடம் பேசினாள். சாப்பிட்டாயா, அம்மா எங்கே என்று கேட்டாள். தெரிந்துகொண்டதைச் சொல்லவே இல்லை. மீதி மூன்று மாதமும் அதே கண்ணாடி அறையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

6

அவள் அறிக்கையில் அந்த ஒரு நாள்தான் இருந்தது. வேறு எழுத ஒன்றுமில்லை. அத்தான் அனுப்பிய படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் முழு மதிப்பெண். 'இன்னும் எதில் முன்னேற வேண்டும்' என்ற இடத்தில், பாசம் பொங்கி, ஆங்கிலத்தில் இப்படி எழுதியிருந்தார்: குறை ஒன்றும் இல்லை. என் மனைவியின் தம்பி மகள். எங்கள் வீட்டுப் பிள்ளை. நல்ல வளர்ப்பு.

பல்கலைக்கழகத்தில் கோ-ஆப் பிரிவுக்கென்று ஓர் ஆலோசகர் அம்மா இருக்கிறார். அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என் மகளைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் பருவம் சேராது என்று முடிவானது. பொய்த் தகவல் கொடுத்ததற்கு அவள் பெயரில் ஓர் எச்சரிக்கையும் எழுதி வைத்துவிட்டார்கள்.

அவள் வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று இதைச் சொன்னாள். அவள் அம்மா அழுதாள். நான், "யார் சொல்லிப் போட்டேன்னு கேக்கலையா?" என்றேன்.

"கேட்டாங்க. நானாத்தான் போட்டேன்னு சொன்னேன்."

"ஏம்மா? அப்பா சொல்லித்தான்னு சொல்லிருக்கலாமே."

"சொல்லிருந்தா, இருபது வயசுல அப்பா சொன்னதைச் செய்யிற பொண்ணுன்னு ஆகிருக்கும். பொய் சொன்ன பொண்ணுன்னே இருக்கட்டும்." பிறகு, "மூணாவது வாரம் போன் பண்ணினேனே, பொறுமையா இருன்னு சொன்னீங்க. அப்பவே உங்களுக்குத் தெரியும்லப்பா?" என்றாள்.

தெரியும் என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இருக்கிறது. உப்பு போதுமா, பஸ் வந்ததா என்கிற பேச்சு. வேலைக்கு எங்கே எழுதிப் போடுகிறாள், யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதெல்லாம் அவள் அம்மா வழியாகத்தான் எனக்கு வரும்.

ஊரில் கேட்டவர்களுக்கு நான், "கூடுதலா ஒரு பயிற்சி எடுக்கா, அதான் ஒரு வருஷம் தள்ளிப் போவுது" என்று சொல்லி வைத்தேன். பெருமையான காரணம் மாதிரியே சொன்னேன். இந்த மலரைப் படிக்கும் உங்கள் அப்பாமார் சிலர் அதை நம்பியிருப்பார்கள். அது பொய்.

7

பட்டமளிப்பு முடிந்த திங்கட்கிழமை, தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு அந்த ஆலோசகர் அம்மாவைப் பார்க்கப் போனேன். வீட்டில் சொல்லவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, ஒரு தாளில் எழுதிவைத்த ஆங்கிலம். கதவைத் தட்டி, அவர் உட்காரச் சொன்னதும் தாளை எடுத்துப் படித்தேன். குறி போடச் சொன்னது நான், வேலை கொடுக்காதீர்கள் என்றதும் நான், என் மகள்மேல் தப்பில்லை, எச்சரிக்கையை எடுத்துவிடுங்கள்.

அவர் கடைசி வரை குறுக்கிடவில்லை. பிறகு மெதுவாக, "உங்கள் மகள் வயது வந்தவர். அவர் கோப்பைப் பற்றி உங்களிடம் பேச எனக்கு அனுமதி இல்லை. நீங்கள் சொன்னதை நான் கேட்டேன். அதற்குமேல் முடியாது" என்றார்.

சரி என்று எழுந்தேன். கதவு வரை போனதும் அவர், "ஒன்று மட்டும் கேட்கலாமா? நீங்கள் இங்கே வந்திருப்பது அவருக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து பாதித் தூரம் வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. தப்பை ஒத்துக்கொள்ளப் போனதையும் நான் அவளைக் கேட்காமல்தான் செய்திருக்கிறேன். அவள் தன் வாயால் சொன்ன ஒரு பதிலை, அவளுக்குத் தெரியாமல் போய் மாற்றிவிட்டு வருகிறேன். மறுபடியும் ஒரு ஆபீஸில் அவளைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்கிட்ட கேட்டுட்டுப் போயிருக்கலாம்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

சேராமல் போன அந்தப் பருவத்துக்கு ஈடாக அவளுக்கு இப்போது வேறு ஊரில், ரயிலில் வந்திறங்கும் கண்டெய்னர் யார்டில் வேலை கிடைத்திருக்கிறது. அவளே எழுதிப்போட்டு, அவளே தேர்வுக்குப் போய் வாங்கியது. அடுத்த வாரம் கிளம்புகிறாள். காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன். பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னாள். சரி என்றேன். யார்டுக்காரர் பெயர் என்ன என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

இதை எழுதப் போகிறேன் என்று அத்தானிடம் சொன்னேன். "எழுது, எழுது. ஆனா நான் வெயில்ல நிக்க விடலன்னு எழுதாத, நீ விடலன்னு எழுது. அந்தச் சூசைகிட்ட நான் அன்னைக்கே மன்னிப்புக் கேட்டாச்சு, நீ இன்னும் கேக்கல" என்றார். உண்மைதான். நேற்று சூசையை அழைத்துக் கேட்டேன். "அத விடுங்க. பாப்பா எண்ணுனா சரியா இருக்கும். அத எழுதுங்க" என்றார்.

உங்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் மகளிடம் போய் நின்று, இதை மலருக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். தமிழ் வாசிக்க அவளுக்கு நேரமாகும். முழுவதையும் நானே படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் சிரித்தாள். ஓர் இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முடிந்ததும், "அனுப்புங்க. என் பேரு மட்டும் வேண்டாம்" என்றாள்.

ஏன் என்று கேட்கவில்லை. முதலில் எழுதியதில் அவள் பெயர் பதினேழு இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றாகத் தேடி அடித்துவிட்டு 'என் மகள்' என்று எழுதினேன். சில இடங்களில் அப்படி எழுதவும் கை வரவில்லை. அங்கெல்லாம் 'அவள்' என்று மட்டும் விட்டிருக்கிறேன்.